மேடையில் மூச்சுத் திணறும் கணினி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்தார். அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் புதுமையாக இருந்த அந்தக் கருவி, இன்று மேடையிலும் ஒரு வாத்தியமாக அமர்ந்துவிட்டது. தூத்துக்குடியில் மாதா கோயில் திருவிழாவானாலும் சரி, அம்மன் கோயில் கொடையானாலும் சரி, கீபோர்டுக்குப் பக்கத்தில் மடிக்கணினியைக் காண்கிறோம். ஆனால் பாட்டின் உச்சத்தில் கரகரவென்று ஒலி உடைகிறதே, ஏன்? "பழைய கம்ப்யூட்டர், வேறு வாங்க வேண்டும்" என்கிறார்கள். கடன்பட்டு வாங்குவோரும் உண்டு. பெரும்பாலும் அது வீண் செலவு என்பதே என் கருத்து.

கணினி ஒலியை நொடிக்கு 44,100 எண்களாகத் தருகிறது. அவற்றை 256 எண்கள் கொண்ட பொட்டலங்களாகக் கட்டுகிறது என்று கொள்வோம். ஒரு பொட்டலத்துக்குக் கிடைக்கும் நேரம் 5.8 மில்லி நொடி மட்டுமே. அதற்குள் எல்லா வாத்தியங்களின் கணக்கையும் பிராசசர் எனப்படும் செயலி முடித்தாக வேண்டும். தவறினால் ஒலியில் ஓட்டை விழும். எங்கள் திரேஸ்புரத்துச் சங்கு குளிப்பவரைக் கேளுங்கள். சராசரியாக எவ்வளவு நேரம் மூச்சடக்கினார் என்பது அவருக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் மூச்சு தீருமுன் மேலே வந்தாக வேண்டும். செயலிக்கும் அதே விதிதான். சராசரிச் சுமை பாதிதான் என்று திரை காட்டுவதை நம்பி இருந்துவிடக் கூடாது.

பொட்டலத்தை 1,024 ஆகப் பெரிதாக்கினால் 23 மில்லி நொடி கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், ஆனால் கட்டையைத் தொட்டபின் ஒலி வரவும் அவ்வளவு தாமதமாகும். தன் வாசிப்பை எட்டு மீட்டர் தள்ளி வைத்த பெட்டியிலிருந்து கேட்பதற்கு அது சமம். தாளம் எப்படி நிற்கும்?

வழி வேறு. மாறாத பின்னணி இசையை முன்பே ஒலிக்கோப்பாக்கி வைக்கலாம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி எதிரொலிக் கருவி பூட்டாமல், ஒன்றையே பொதுவாக்கலாம். அந்தப் பாட்டில் இல்லாத வாத்தியங்களையும், வைஃபையையும், மின்சேமிப்பு முறையையும் அணைத்து வைக்கலாம். கணினிக்குக் காற்றோட்டமும் வேண்டும். சூடேறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குறித்த நேரத்தில் வேலையை முடிக்க உதவும் நிகழ்நேர வசதி, 2024-இல் வெளிவந்த லினக்ஸ் 6.12-இல் சேர்ந்துள்ளது. அதற்கு விலையும் இல்லை. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால்தான் எங்களைப் போன்ற பல வீடுகளுக்குள் கணினி நுழைந்தது. சுமையறிந்து ஏற்றினால் எளிய கணினியும் பாடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தபேலா, டிரம்ஸ், புல்லாங்குழல் அனைத்தையும் ஒரே கணினியின் தலையில் ஏற்றுவது எதற்காக? கலைஞர்களின் கூலியை மிச்சம் பிடிக்கத்தானே! ஒரு தபேலாக் கலைஞரை மேடைக்கு அழைத்தால் செயலியின் சுமையும் குறையும், ஒரு குடும்பத்தின் அடுப்பும் எரியும்.

மாணவ நண்பர்களே! கருவியைக் குறை கூறுமுன் சுமையைக் கணக்கிடுவோம். அறிவியல் படிக்கும் நாம் நம் தெரு இசைக் குழுவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால், நாம் படித்த படிப்புக்கும் பொருள் உண்டு.