சாம்பலுக்கு வைத்தியம் உண்டா?

சித்திரங்களின் மேல் அளவு கடந்த பிரியம் கொண்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மியூசியங்களின் கூரையில் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் ஓட வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் பதறிப் போனார். "என்ன ஐயா இது! ஓவியத்தின் தலைக்கு மேல் தண்ணீரைத் தொங்கவிடுவதா? ஒழுகினால் என்ன கதி?" என்றார்.

கலையை ரட்சிப்பதாக எண்ணிக்கொண்டு அதைத் தீக்கு ஒப்படைக்கும் கேள்வி இது. ஆகவே இதற்குப் பகிரங்கமாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

பிரேஸில் தேசத்து ரியோ டி ஜெனிரோவில், ராஜ குடும்பம் வாழ்ந்த மாளிகையில் தேசிய மியூசியம் இருந்தது. 1818-இல் ஆரம்பித்த ஸ்தாபனம். ஏறத்தாழ 2 கோடிப் பொருள்கள். 2018 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை இரவு அது எரிந்தது. கீழ்த்தளத்து அரங்கில் இருந்த குளிர்சாதனக் கருவியில் தீ பிறந்தது என்று விசாரணை சொல்லிற்று. கூரையில் நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. ஓடி வந்த தீயணைப்பு வீரர்கள் பக்கத்துக் குழாயைத் திறந்தால், அதில் வேகம் இல்லை! லாரியில் தண்ணீர் வரும் வரையில் தீ காத்திருக்குமா? பேசுவதற்கு ஆள் இல்லாமல் போன பாஷைகளின் குரல்பதிவுகளும் அன்று போயின.

வேடிக்கையைக் கேளுங்கள். தீப் பாதுகாப்புக்கும் சேர்த்துப் பணம் தருவதாக அந்த வருஷம் ஜூன் மாதம்தான் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பணம் வருவதற்குள் தீ வந்துவிட்டது.

அந்தச் சாம்பலில் பதினோராயிரம் வருஷத்துக்கு முற்பட்ட 'லூசியா' என்ற பெண்ணின் மண்டையோடு, துண்டு துண்டாக, பெரும்பாலும் கிடைத்தது. அது உலோகப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு பெட்டியே இவ்வளவு செய்யுமானால், வெப்பத்தை உள்ளே விடாத சுவரும், ஒரு மணி இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கி நிற்கும் கதவும் எவ்வளவு செய்யும்! நாமோ அறையைக் குளிர்ச்சியாக வைக்கிறோம் என்று, பற்றி எரியும் நுரைப் பலகையைச் சுவரில் ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

இனி நண்பரின் பயத்துக்கு வருகிறேன். சினிமாவில் காட்டுகிறபடி கட்டடம் முழுவதும் ஒரே சமயத்தில் மழை கொட்டாது. ஒவ்வொரு குழாய் வாயையும் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் அடைத்திருக்கிறது. சாதாரணமாக 68 டிகிரி சூடு ஏறினால் அது வெடிக்கும். எங்கே சூடோ அங்கே மட்டும் தண்ணீர். ஒழுகும் என்ற கவலையா? புகை தெரிந்த பிறகே குழாய்க்குள் தண்ணீரை விடும் ஏற்பாடும் உண்டு. இதெல்லாம் வேண்டாம் என்பவர் காட்சிசாலைக்கும் கடைசியில் தண்ணீர்தான் வரப் போகிறது; ஆனால் தாமதமாக, வீரர்களின் குழாய்களிலிருந்து வெள்ளமாக வரும்.

தண்ணீர் சாது என்று நான் சொல்லவில்லை. 1966-இல் பிளாரன்ஸ் நகரத்து வெள்ளம் சிமபூவேயின் சிலுவைச் சித்திரத்தில் பாதிக்கு மேல் வர்ணத்தை அடித்துக்கொண்டு போயிற்று. ஆனால் சுமார் பத்து வருஷ வைத்தியத்துக்குப் பிறகு அது எழுந்து நின்றது. 1958 ஏப்ரல் 15-இல் நியூயார்க் நவீன கலை மியூசியத்தில், குளிர்சாதனம் பொருத்த வந்த தொழிலாளர்களின் சிகரெட்டிலிருந்து தீப்பிடித்தது. ஒரு தொழிலாளி மாண்டார். மோனேயின் பிரம்மாண்டமான அல்லி மலர்ச் சித்திரம் எரிந்தது. அதற்கு எந்த வைத்தியர் வருவார்?

தூரத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். டில்லியில் தேசிய இயற்கை வரலாற்று மியூசியம் 2016 ஏப்ரல் 26-இல் எரிந்து போயிற்று.

அடுத்த முறை குழந்தைகளோடு ஒரு காட்சிசாலைக்குப் போகும்போது, சிலைகளைப் பார்த்த கையோடு கூரையையும் ஒரு தரம் அண்ணாந்து பாருங்கள். குழாய் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். "ஓவியம் நனைந்துவிடும்" என்று பதில் வந்தால், என் நண்பர் அங்கே உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டார் என்று அறிந்துகொள்ளுங்கள்.