பழைய பிக்கப்பும் நான்கு சக்கர இழுவையும்: தடையா, சோதனையா?

நந்திதுர்க்கிலிருந்து தெற்கே ஆந்திர எல்லையை நோக்கிச் செல்லும் மண் தடங்களில் தக்காளிப் பெட்டியும் தீவனமும் பால் கேனும் ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் பழைய பிக்கப் வண்டிகளே. அவற்றில் எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. மழைக்காலச் சேற்றில் பின்சக்கரம் சுழல்கிறது, வண்டி நகர்வதில்லை. புது நான்கு சக்கர இழுவை வண்டி வாங்கும் வசதி அதன் உரிமையாளருக்கு இல்லை. எனவே இருக்கும் வண்டியையே உயர்த்தி, முன்னச்சுக்கும் விசை கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. கே.ஏ. 08 பதிவெண் கொண்ட அவ்வண்டியின் உரிமையாளருக்குச் சட்டம் தரும் விடை ஒரே சொல்: கூடாது. அவ்விடை முழுமையானதுதானா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் கொணர்ந்த பிரிவு 182அ, அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என விதிக்கிறது. ஒரு வகை வண்டி சோதனைக்கு உட்பட்டுத் தேர்ச்சி பெற்ற பின்னரே விற்பனைக்கு வருகிறது. அதை மாற்றினால் அச்சோதனை பொருளற்றதாகிவிடும் என்பது இத்தடைக்குப் பின்னுள்ள நியாயம். இந்நியாயத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

முதலில் உயர்த்துதலை எடுத்துக்கொள்வோம். வண்டி கவிழாது நிற்கும் திறன், இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, எடைமையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்தது. அகலம் 1,400 மி.மீ., எடைமைய உயரம் 700 மி.மீ. எனக் கொண்டால் அவ்வெண் 1.0. எடைமையம் 100 மி.மீ. உயர்ந்தால் அது 0.875 ஆகக் குறைகிறது. மேலே தக்காளிப் பெட்டிகளை அடுக்கினால் இன்னும் குறையும். மேலும், ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்துவதால் பாடியும் சேசிஸும் உயர்கின்றனவே தவிர, கிரவுன் ஹவுசிங் ஓர் அங்குலமும் உயர்வதில்லை. கல்லில் முதலில் இடிப்பது அதுதான். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே. அதுவும் விட்டம் கூடுவதில் பாதியளவுதான். 28 அங்குல டயருக்குப் பதிலாக 31 அங்குலம் பொருத்தினால் தரை இடைவெளி ஒன்றரை அங்குலம் கூடும். அத்துடன் வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பிரேக் தாங்க வேண்டிய சுமையும் ஏறும். உயர்த்திய வண்டியில் பழைய நீளத்துப் பிரேக் குழாயை அப்படியே விட்டால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது குழாய் இழுபட்டு அறுந்துவிடக்கூடும். ஸ்டியரிங் தண்டின் சாய்வு மாறினால் ஒவ்வொரு குழியிலும் வண்டி பக்கவாட்டில் இழுக்கும்.

நான்கு சக்கர இழுவைக்கு மாற்றுவது இதனினும் நுட்பமானது. விசை செல்லும் முன்னச்சு, கியர்பாக்ஸின் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ், முன்பக்கத்துக்குத் தனிப் புரொப்பெல்லர் சாஃப்ட் ஆகியவை வேண்டும். இவற்றினும் முதன்மையானது, முன்னச்சின் கிரவுன் விகிதமும் பின்னச்சின் விகிதமும் ஒன்றாயிருத்தல். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் அச்சு விகிதம் 4.88, பின்வந்த பொதுமக்கள் ஜீப்பின் விகிதம் 5.38. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்விரு அச்சுகளையும் ஒரே வண்டியில் முன்னும் பின்னுமாகப் பொருத்தினால், ஓர் அச்சு 100 மீட்டர் செல்ல முயலும்போது மற்றொன்று ஏறத்தாழ 91 மீட்டரே செல்ல முயலும். சேற்றில் அவ்வேறுபாடு வழுக்கலில் கரைந்துபோகும். தார்ச்சாலையிலோ கிராஸ்கள் உடையும். அன்றி டயர் தேயும். பழைய இரும்புக் கடையில் விலைபேசும்போது இவ்வெண்களைக் கேட்பவரும் உளர், கேளாதவரும் உளர்.

ஆகவே ஆபத்து மெய்யானது. ஆனால் தடை அந்த ஆபத்தை நீக்கியதா? அரியானாவின் மண்டி டப்வாலி, கழிக்கப்பட்ட ஜீப்புகளை மறுபடி கட்டித்தரும் தொழிலால் பெயர்பெற்ற ஊர். சட்டம் எவ்வளவு கடுமையாயிருப்பினும் அத்தகைய தேவை நாடெங்கும் இருந்துகொண்டுதான் இருக்கிறது. தடை அந்த வேலையை நிறுத்துவதைவிட மறைக்கவே செய்கிறது. மறைவில் நடக்கும் வேலைக்கு ரசீது இல்லை. செய்தவர் பெயர் இல்லை. விகிதத்தை எவரும் சரிபார்ப்பதில்லை. விபத்து நேர்ந்தால், அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். நன்றாகச் செய்தவரும் கேடாகச் செய்தவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. நன்றாகச் செய்வதற்கு ஊக்கம் தராத சட்டம் எவ்வாறு பாதுகாப்பை வளர்க்கும்?

இவ்வினாவுக்குத் தங்கவயலின் வரலாறே ஒரு விடை தருகிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குக் காலூன்றியது முதல், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, இவ்வூர் இயந்திரங்களோடு வாழ்ந்த ஊர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபின் நீராவியின் இடத்தை மின்சாரம் பிடித்தது. ஏற்றப் பொறிகளும் பம்புகளும் காற்றழுத்தப் பொறிகளும் தலைமுறை தலைமுறையாக மாற்றப்பட்டன, பழுதுபார்க்கப்பட்டன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அவ்வாழத்துக்குத் தொழிலாளி இறங்கியது ஓர் இரும்புக் கயிற்றை நம்பி. அக்கயிறு முறைப்படி ஆய்வு செய்யப்படும். ஆய்ந்தவர் தம் பெயரில் கையொப்பமிட்டாக வேண்டும். சுரங்கச் சட்டம் மாற்றத்தை ஒரேயடியாக விலக்கவில்லை. தகுதியுள்ளவர் செய்ய வேண்டும், தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும், பதிவேட்டில் ஏற வேண்டும் என்று வகுத்தது. நந்திதுர்க், மாரிக்குப்பம், உரிகம் பகுதிகளின் ஃபிட்டர்களும் வெல்டர்களும் பயின்ற ஒழுங்கு அது. தவறு அங்கும் நேர்ந்ததுண்டு. ஆனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஏட்டில் விடை இருந்தது.

வாகனச் சட்டத்திலும் இத்தகைய வழி முற்றிலும் அந்நியமன்று. பெட்ரோல் வண்டியை இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற ஒப்புதல் பெற்ற கருவித் தொகுப்புகள் உள்ளன. மின்கல இழுவைக்கு மாற்றுவதற்கு ஏ.ஐ.எஸ். 123 என்னும் தரநிலையே உள்ளது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வண்டியை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. பிரிவு 52க்கான 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மாற்றங்களுக்கும் மறுபொருத்தலுக்கும் உரிய தரங்களை நடுவணரசு வகுக்கலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. எரிபொருளையே மாற்ற வழியிருக்கும்போது, அதே உற்பத்தியாளரின் நான்கு சக்கர வகையிலுள்ள அச்சைப் பொருத்த ஏன் வழியிருக்கலாகாது? மகிந்திராவின் பொலிரோ கேம்பர் இரு சக்கர இழுவையிலும் நான்கு சக்கர இழுவையிலும் விற்கப்பட்ட வண்டி. அத்தகைய குடும்பங்களில் வேண்டிய பாகங்கள் உற்பத்தியாளரின் பட்டியலிலேயே உள்ளன.

ஆஸ்திரேலியாவில் வண்டி மாற்றத்துக்கென்றே நாடளாவிய நெறித்தொகுப்பு ஒன்று உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறினும் அடிப்படை ஒன்றே: சிறிய உயர்த்தலைச் செய்துகொள்ளலாம், குறித்த அளவைக் கடந்தால் பொறியாளரின் சான்று வேண்டும். பிரித்தானியாவில் தனி வண்டி ஒன்றைச் சோதித்து ஒப்புதல் தரும் முறை உள்ளது. இந்நாடுகள் சாலைப் பாதுகாப்பைப் புறக்கணித்தவை அல்ல.

இதற்கு எழும் மறுப்புகள் இரண்டு. ஒன்று, சான்று தரும் இடத்திலேயே கையூட்டு நுழையும் என்பது. அது உண்மையான அச்சமே, எஃப்.சி. முறைக்கும் அது பொருந்தும். அதற்காக எஃப்.சி.யை எவரும் ஒழிக்கச் சொல்வதில்லை. மற்றொன்று, உயர்த்துதல் பெரும்பாலும் பகட்டுக்கே என்பது. இதில் உண்மை மிகுதி. நகரச் சாலையில் ஓங்கி நிற்பதற்காக உயர்த்தப்படும் வண்டிக்கு எவ்வித இரக்கமும் தேவையில்லை. மண் தடத்தில் ஓடும் பல வண்டிகளுக்கும் நல்ல பிடிப்புள்ள டயரும் பின்னச்சின்மேல் முறையான சுமையுமே போதுமானவை. எல்லாருக்கும் நான்கு சக்கர இழுவை என்பது வாதமன்று. தேவைப்படுவோருக்கு நேர்வழி ஒன்று வேண்டும் என்பதே வாதம்.

அவ்வழிக்கு நான்கு நிபந்தனைகள் போதும். அதே உற்பத்தியாளரின் அதே குடும்பப் பாகங்கள் மட்டுமே பொருத்தப்பட வேண்டும். இரு அச்சுகளின் விகிதமும் ஒன்றென எழுத்தில் உறுதி வேண்டும். உயர்த்தலுக்கு உச்சவரம்பும், உயர்த்திய வண்டிக்குக் குறைத்த சுமையளவும் வேண்டும். மாற்றிய பட்டறையின் பெயரும் சோதித்த பொறியாளரின் பெயரும் ஆர்.சி.யில் ஏற வேண்டும். இறுதியாக, எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு வந்தே தீர வேண்டும் என்பதால், அச்சோதனையிலேயே பிரேக் குழாய், ஸ்டியரிங் சாய்வு, கிராஸ் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இதில் தங்கவயலுக்குத் தனியானதொரு நலனும் உண்டு. சுரங்கம் மூடிய பின், மாரிக்குப்பத்தில் புறப்படும் காலை ரயில்கள் இவ்வூரின் உழைப்பைப் பெங்களூருக்குச் சுமந்து செல்கின்றன. உள்ளூரிலேயே புல்டோசர் கட்டும் பெமல் ஆலை இருக்கிறது. தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர் இருக்கின்றனர். சான்று பெற்ற மாற்றுப் பட்டறைகள் சட்டத்தில் இடம்பெறுமானால், அவை முதலில் வேர்கொள்ளத் தகுந்த ஊர்களுள் இதுவும் ஒன்று. இன்று அந்தத் திறனுக்கு இருப்பவை இரண்டே வழிகள்: ரயிலேறுவது, அல்லது கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வது. மூன்றாவது வழியை வகுக்கும் அதிகாரம் 2019 முதல் நடுவணரசின் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துமாறு கேட்க வேண்டியவர்கள் வண்டி உரிமையாளர்கள் மட்டுமல்லர். அவ்வண்டிகளுக்கு எதிரே அதே சாலையில் வருகிற அனைவருமே.