பொய் சொல்லாத காகிதம்

பழைய புத்தகம் என்றால் நம்மில் பலர் எடைக்குப் போட்டுவிடுகிறோம். இங்கிலாந்திலோ ஒரு கவிஞரின் நூல் முதன்முதலில் அச்சான பிரதி கிடைத்தால், கேட்ட விலை கொடுத்து வாங்க ஆள் உண்டு. அந்த ஆசையையே முதலாக்கி வியாபாரம் செய்தவர் தாமஸ் ஜேம்ஸ் வைஸ்.

லண்டனில் வாசனை எண்ணெய் வியாபார நிறுவனம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். புத்தகம் சேர்த்துச் சேர்த்தே பெரும் புள்ளியானார். ஒரு நூல் அசலா என்று ஐயம் வந்தால் அவரைத்தான் கேட்பார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான் போங்கள்!

இருக்கிற நூலைப் பார்த்துப் போலி செய்தால் அசலோடு ஒப்பிட்டுவிடுவார்கள் அல்லவா? வைஸ் அந்த வம்புக்கே போகவில்லை. இல்லாத பதிப்பையே உண்டாக்கினார். எலிசபெத் பேரட் பிரௌனிங் அம்மையாரின் காதல் கவிதைகள் வெளிவந்தது 1850-ல். அவற்றைச் சிறு நூலாக அச்சடித்து, 1847 என்று ஆண்டு போட்டார். கவிதை உண்மை, ஆண்டுதான் பொய். இப்படிச் செய்த சிறு நூல்களைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இனாமாகக் கொடுப்பார். அங்கே பட்டியலில் ஏறிவிட்டால் பிறகு யார் சந்தேகப்படுவார்?

ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரண்டு இளைஞர்கள் சந்தேகப்பட்டார்கள். கவிஞர் நண்பருக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதி ஒன்றுகூட இல்லையே, ஏன்? காகிதத்தைப் பரிசோதித்தார்கள். பாலில் தண்ணீர் கலந்தால் ஸ்டோரில் மானி காட்டிக் கொடுப்பது நமக்குத் தெரியும். இங்கே காகிதம் காட்டிக் கொடுத்தது. எஸ்பார்ட்டோ என்ற புல்லில் இங்கிலாந்தில் காகிதம் செய்யத் தொடங்கியது 1861-ல். இரசாயன முறையில் மரக்கூழ்க் காகிதம் வந்தது 1874-க்குப் பிறகு. அதற்கு முந்திய ஆண்டு போட்ட ஏடுகளில் இவை எப்படி வந்தன? எழுத்து வார்ப்பும் பிற்காலத்தது.

1934-ல் எல்லாவற்றையும் புத்தகமாகவே வெளியிட்டார்கள். வைஸ்தான் குற்றவாளி என்று நேராக எழுதவில்லை, படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. அவரோ, இறந்துபோன நண்பர் ஃபோர்மனிடமிருந்து வாங்கியவை என்றார். அந்த நண்பரும் கூட்டாளிதான் என்பது பிறகு தெரிந்தது. கடைசிவரை ஒப்புக்கொள்ளாமலே 1937-ல் வைஸ் காலமானார்.

அவருடைய நூலகத்தைப் பிரிட்டிஷ் மியூசியமே விலைக்கு வாங்கியது. 1950-களில் பார்த்தால், மியூசியத்தின் பழைய நாடக நூல்களிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. குறைப் பிரதிகளை முழுமையாக்க அவற்றை வைஸ் எடுத்திருந்தார். அவருடைய சொந்தப் பிரதிகளில் ஒட்டியிருந்த தாள்கள், மியூசியம் தன் காசு கொடுத்து வாங்கிய நூல்களோடு வீடு திரும்பியிருந்தன.