சாராளின் சிரிப்பு

இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் கண்ணீரைப் பற்றியே எழுதுகிறோம். அதில் பிழையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கண்டவர்களிடமும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்ததைக் கண்டவர்களிடமும் சிரிப்பைப் பற்றிப் பேசப்போனால், "இவருக்கு என்ன வந்தது?" என்றுதான் கேட்பார்கள். ஆயினும் இம்முறை அதைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது. காரணம், நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட நம் தாய் தகப்பன்மார்.

முகாமில் சிறுவர்களுக்கு விளையாட்டு உண்டு. இளைஞருக்குத் தொழிற்பயிற்சி, முதியோருக்கு வைத்திய முகாம். நடுவயதுக்காரருக்கு என்ன உண்டு? வரிசை உண்டு. நிவாரண வரிசை, பிரதேச செயலகத்து வரிசை, கிராம உத்தியோகத்தர் வாசலில் வரிசை. மேலே காது மந்தமான ஐயா, கீழே கொழும்பில் கடையில் நிற்கும் மகன். இருவருக்கும் நடுவில் இவர்கள். மகன் போன் எடுத்தால் அம்மாவோடு அரை மணித்தியாலம் பேசுவான். தகப்பனோடு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்பதோடு சரி. போஞ்சிப் பாத்தியும் மண்வெட்டியும் போய்விட்ட மனிதனுக்கு, தான் இனி எதற்கும் வேண்டாதவன் என்ற நினைப்பு அப்போதுதான் வருகிறது. அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை டவுனில் சாராயக்கடைப் பக்கம் போய்ப் பார்த்தால் விளங்கும்.

இப்படியான வீடுகளில் சிலவற்றை மட்டும் ஏதோ ஒன்று தாங்கிப் பிடிக்கிறது. அது பகிடி என்று நான் நினைக்கிறேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று கட்ட எச்சரிக்கை விடுவது எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகு. சிவப்பு என்றால் உடனே வெளியேறு. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டக் குடும்பம் ஒன்றில், அம்மா பாத்திரத்தை வைக்கும் சத்தத்தைக் கேட்டே பிள்ளைகள் கட்டம் சொல்வார்கள். "அப்பா, செம்மஞ்சளுக்கு வந்திருச்சு!" ஒருநாள் அந்த அம்மாவே, "ஏங்க, சிவப்பு போட்டாச்சு. ஐடென்டிட்டி கார்டை எடுத்துக்கிட்டு மேட்டுப் பக்கம் போயிருங்க" என்றாராம். எந்த அறிவித்தல் அவர்களை இரவோடு இரவாக வீட்டை விட்டு இறக்கியதோ, அதையே அடுப்படிக்குக் கொண்டுவந்து பழக்கிவிட்டார்கள். அடுத்த மழைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நிறத்தின் பொருளை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லத் தேவையில்லை.

சேமலாப நிதியை எடுங்கள். வேலையை விட்டு நின்றால் ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் அந்தக் காசு கைக்கு வரும். ஆகவே கொழுந்தெடுக்கும் தாய்க்கு ஐம்பது நெருங்குகிற வருடம், குடும்பத்தில் பாசம் பெருகுகிற வருடமும் ஆகும். மகளுக்குத் திடீரென்று அம்மாவின் முழங்கால் வலி ஞாபகம் வரும். மருமகன் கை நிறைய முறுக்கோடு வந்து நிற்பார். "மாப்பிள்ளை இந்த மாசம் ரெண்டு தரம் வந்துட்டாரு. காசுக்கு நாள் குறிச்சிட்டாரோ?" என்று தாய் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டால், சண்டை போட்டும் பேச முடியாத ஒரு விடயம் வெளியே வந்துவிடுகிறது. முப்பது வருடம் மலையேறிய கை சம்பாதித்த காசு அது. வீட்டுச் சுவருக்கா, கல்யாணத்துக்கா, முச்சக்கர வண்டிக்கா என்பதைப் புருஷனும் மனைவியும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். முறுக்கைச் சாப்பிட்டுவிட்டே முடிவு செய்யலாம்.

வேதத்திலும் இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் சிரிக்கிறது. ஆபிரகாமும் சாராளும் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள், பஞ்சத்துக்கு எகிப்துவரை போனவர்கள், கூடாரத்தில் குடியிருந்தவர்கள். குழந்தை பிறக்கும் என்று விருந்தாளி சொன்னபோது சாராள் கூடார வாசலில் நின்று ஒட்டுக் கேட்டுத் தனக்குள் சிரித்தாள். தொண்ணூறு வயது நடுவயதா என்று கேட்பீர்கள். ஆபிரகாம் 175 வயதுவரை இருந்தவர். அந்தக் கணக்குக்குச் சரிதான். அதற்கு முன்பே அவரும் இதே செய்திக்கு விழுந்து சிரித்திருக்கிறார். ஏன் சிரித்தாய் என்ற விசாரணை சாராளைப் பற்றித்தான் வந்தது. நம் வீடுகளிலும் அப்படித்தானே? பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயர் வைத்தார்கள். பொருள்: சிரிப்பு.

அதே வீட்டில் பின்னொரு நாள் எழுந்த கேலிச் சிரிப்பு, ஆகாரையும் அவள் மகனையும் வனாந்தரத்துக்கு அனுப்பியது. இதையும் மறக்கக் கூடாது. குடித்துவிட்டு வந்து மனைவியை நாலு பேர் முன்னால் கேலி செய்வதும், வேலை இல்லாத புருஷனைப் பிள்ளைகள் முன்னால் குத்திப் பேசுவதும் பகிடி அல்ல. நிவாரணம் கொடுக்க வந்தவர் வரிசையில் நிற்பவரைப் பார்த்து அடிக்கும் பகிடியும் அல்ல. அதற்கு யாரும் சிரிக்க வேண்டியதில்லை, பருப்புப் பொதி கையில் இருந்தாலும்.

இன்னொன்றும் உண்டு. புருஷனும் மனைவியும் சிரிக்க ஒரு மூலை வேண்டும். லயத்துச் சுவர் கூரைவரை எழும்பாததால் பக்கத்துக் காம்பிராவின் இருமல்கூட நமக்குக் கேட்டது. பாடசாலை மண்டபத்தில் அந்தச் சுவரும் இல்லை. மீரியபெத்தையில் தப்பியவர்கள் 2016 இல் புதிய வீடுகள் கிடைக்கும்வரை தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் கிடந்தார்கள். அவ்வளவு காலம் ஒரு தம்பதி நூறு பேர் நடுவே எதைத்தான் பேசிச் சிரிக்க முடியும்? நிவாரணப் பட்டியலில் அரிசி, பாய், சவர்க்காரம் எல்லாம் இருக்கின்றன. மறைப்புக்குத் துணியும் கயிறும் எழுதப்படுவதில்லை. பங்குச் சபைகள் அடுத்த பட்டியலில் குடும்பத்துக்கு ஆறு யார் துணியும், அதைக் கட்டக் கயிறும் சேர்த்துக் கேட்கட்டும். வீட்டுப் படம் வரைய வருகிறவர்களிடம், அடுப்படி எந்தப் பக்கம் வேண்டும் என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்கும்படி நாமே சொல்லிவிடலாம்.