லாரி வந்து எத்தனை நாள் ஆச்சு?

கலிஃபோர்னியாவில் லிவர்மோர் ஊருக்குத் தெற்கே, மலைகளுக்கு நடுவே நீளமாகக் கிடக்கிறது டெல் வாலே ஏரி. நம்மூர் ஐ.டி. குடும்பங்கள் நிறைய இருக்கும் ஃப்ரீமான்ட், டப்ளின், பிளசன்டன் எல்லாமே அங்கிருந்து கார் தூரம்தான். குளிர்காலச் சனிக்கிழமை காலையில் அந்தக் கரையில் தூண்டிலோடு நிற்பவர்களில் தமிழ்க் குரல் கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்படித்தான் ஒரு அப்பாவும் ஒன்பது வயது மகளும் முதல் தடவை போனார்கள். கடைக்காரர் கொடுத்த தூண்டில் மாவு ஒரு டப்பா. பளீரென்ற மஞ்சள் நிறம், பூண்டு வாசனை. அதை உருட்டி முள்ளில் ஒட்டிப் போட்டுவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் கழி வளைந்தது. ஒரு சாண் நீள ட்ரவுட். மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

"குட்டி மீன்ப்பா, விட்டுடலாம்!"

விடத்தான் நினைத்தார் அப்பா. ஆனால் முள் வாயில் இல்லை. மாவோடு சேர்த்துத் தொண்டைக்குள் போயிருந்தது. குறட்டால் பிடித்து இழுத்தார். செவுள் பக்கம் ரத்தம். அவசர அவசரமாகத் தண்ணீரில் விட்டதும் மீன் இரண்டு தடவை வாலை ஆட்டியது. பிறகு மெல்லத் திரும்பி, வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தது.

"தூங்குதாப்பா?"

அப்பாவிடம் பதில் இல்லை. காரில் திரும்பும்போது, "இனிமே நான் வரலைப்பா" என்றாள் மகள்.

இது அந்த ஒரு அப்பாவின் கைத்தவறு மட்டுமல்ல. பிடித்து விட்ட ட்ரவுட் மீன்களைப் பற்றி நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி டெய்லர், வைட் என்ற இருவர் 1992-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். புழு, மாவு போன்ற தின்னும் இரையில் சிக்கி விடப்பட்டவற்றில் நூற்றுக்கு 30-க்கு மேல் செத்துப்போகின்றன. உலோகத் தகடு, இறகு என்று செய்த போலி இரையில் சிக்கியவற்றில் சாவது சுமார் ஐந்துதான். காரணம் எளிது. தின்னும் இரை ருசியாக இருக்கிறது, மீன் விழுங்குகிறது. போலி இரை இரும்பு. அது கவ்விப் பார்க்கும் நொடியிலேயே முள் உதட்டில் ஏறிவிடுகிறது.

அதற்காக மாவே கூடாது என்று இல்லை. பிடிப்பதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரிப்பதானால் மாவு நல்லதே. ஆனால் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விட வேண்டும், அதுவும் குழந்தை முன்னால் விட வேண்டும் என்றால், போலி இரைக்கு மாறுவதுதான் வழி. ஒருவேளை முள் தொண்டைக்குள் போய்விட்டால் இழுக்கவே கூடாது. வாய்க்குப் பக்கத்தில் நரம்பை வெட்டிவிட வேண்டும். முள்ளோடு போகிற மீனுக்கு, முள்ளைப் பிடுங்கப்பட்ட மீனைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

சரி, எந்தப் போலி இரை? அங்கேதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது. லாரி வந்து எத்தனை நாள் ஆச்சு?

இந்த ஏரி மீன் காட்டு மீன் அல்ல, பண்ணையில் பொரித்து வளர்த்த ரெயின்போ ட்ரவுட். ஊட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். 1900-களின் தொடக்கத்தில் எச்.சி.வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, நீலகிரி ஓடைகளில் இதே இன மீனைத்தான் விட்டார். அதன் பூர்வீகம் கலிஃபோர்னியா உள்ளிட்ட பசிபிக் கரைப்பக்கம்.

பண்ணைத் தொட்டியில் பிறந்த மீனுக்குச் சாப்பாடு என்றால் மேலிருந்து விழும் உருண்டைத் தீவனம். தட்டான், தவளைக்குஞ்சு, சின்ன மீன் எதையும் அது பார்த்ததே இல்லை. சுமார் ஒரு அடி வளர்ந்ததும், ஆக்சிஜன் ஏற்றிய குளிர்ந்த நீர்த்தொட்டி வைத்த லாரியில் ஏரிக்கு வருகிறது. குழாய் வழியாகச் சரிந்து விழுகிறது. டெல் வாலே மாதிரி வெயில் ஏரிகளில் இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரைதான் இது நடக்கும். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் ட்ரவுட்டுக்குச் சொர்க்கம். 20-ஐத் தாண்டினால் திணறத் தொடங்கிவிடும். கலிஃபோர்னியா மாநில மீன், வனவிலங்குத் துறை தன் லாரிகள் எந்த ஏரிக்குப் போகின்றன என்ற அட்டவணையை இணையத்திலேயே போடுகிறது.

லாரி வந்த முதல் இரண்டு மூன்று நாள் மீன்கள் புது ஹாஸ்டலுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி. இறக்கிவிட்ட இடத்தைச் சுற்றியே கூட்டமாக, மேல்மட்டத்தில், கரையோரமாக வட்டமடிக்கும். பசி உண்டு, எது சாப்பாடு என்ற தெளிவு இல்லை. இந்த நாட்களுக்கு ஏற்றது மினி ஜிக். அரிசி மணி போன்ற சிறு உலோகத் தலை, அதன் பின்னால் ஒரே ஒரு முள், முள்ளைச் சுற்றி இறகுக் கற்றையோ ரப்பர் வாலோ. எடை 1/64 அவுன்ஸ், அதாவது அரை கிராமுக்கும் குறைவு. மெல்ல இறங்கும்போது பண்ணைத் தீவனம் இறங்குவது போலவே இருக்கும்.

இத்தனை லேசானதை எப்படித் தூரமாக வீசுவது? தக்கைதான் வழி. தக்கைக்குக் கீழே இரண்டு அடியில் ஜிக்கைக் கட்டி வீச வேண்டும். கழி நுனியை ஒரு சின்ன அசைவு அசைத்து, ஐந்து எண்ணும்வரை சும்மா இருக்க வேண்டும். பிறகு இன்னொரு அசைவு. கடிப்பது பெரும்பாலும் சும்மா இருக்கும் நேரத்தில்தான். தக்கை மூழ்கிப் போகும் என்று காத்திருக்கவும் கூடாது. கொஞ்சம் சாய்ந்தாலே இழுத்துவிட வேண்டும். இந்த விஷயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் கெட்டி. அவர்கள் போனைப் பார்ப்பதில்லை, தக்கையைப் பார்க்கிறார்கள்.

நாலைந்து நாள் ஆன பிறகு கூட்டம் கலையும். தலைக்கு மேல் வந்து விழுந்த ஏகப்பட்ட தூண்டில்களில் மிஞ்சியவை உஷாராகிவிடும். ஆழம் தேடும், ஓடை வந்து சேரும் வாய்களைத் தேடும். இப்போது தக்கையை நம்பி ஒரே இடத்தில் நின்றால் பொழுதுதான் போகும். மீனைத் தேடிப் போக வேண்டும். அதற்கு ஸ்பூன், ஸ்பின்னர் என்ற இரண்டு உலோகப் போலி இரைகள் இருக்கின்றன.

ஸ்பூன் என்ற பெயர் சமையலறையிலிருந்தே வந்ததாக ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியில் ஜூலியோ பியூவெல் என்பவர் படகில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்டி நழுவி ஏரியில் விழ, பளபளத்து இறங்கிய அதை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாம். கதை நிஜமோ என்னவோ, கரண்டிக் குழிவு கொண்ட போலி இரைக்கு அவர் 1852-ல் காப்புரிமை வாங்கியது நிஜம். ஸ்பின்னர் வேறு ரகம். கம்பியைச் சுற்றி ஒரு சிறு தகடு பம்பரமாகச் சுழன்று தண்ணீரில் அதிர்வு எழுப்பும். 1938-ல் பிரான்ஸில் தொடங்கிய மெப்ஸ் இன்றும் அதில் பெரிய பெயர். அதில் 0, 1 என்ற எண்ணுள்ள சின்ன அளவுகள் போதும்.

எடை விஷயத்தில் ஆசைப்படக் கூடாது. 1/16 முதல் 1/8 அவுன்ஸ் வரை, அதாவது கிட்டத்தட்ட 2 முதல் 3.5 கிராம். கடைச் சுவரில் தொங்கும் கைநீள இரைகள் எல்லாம் வேறு மீன்களுக்கானவை. அவற்றைப் பார்த்தால் பண்ணை ட்ரவுட் ஓடிவிடும்.

நிறம்? வெயில் அடித்து நீர் தெளிந்திருந்தால் வெள்ளி, மூட்டமாக இருந்தால் தங்கம், மழைக்குப் பின் கலங்கியிருந்தால் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு. இவ்வளவு தெரிந்தால் போதும். நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ஆழத்தையும் வேகத்தையும் மறந்துவிடுகிறார்கள். மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க எண்ணுவதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஸ்பூன் தண்ணீரில் விழுந்ததும் ஐந்து வரை எண்ணிவிட்டு ரீலைச் சுற்றலாம். கடிக்கவில்லையா, அடுத்த வீச்சில் எட்டு வரை, அதற்கடுத்து பன்னிரண்டு வரை. எட்டில் கடித்தால் அன்று முழுக்க எட்டுதான். சுற்றுவது மெதுவாக இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் மீனுக்கு ஓடிப் பிடிக்கும் ஆசை குறைவு. ஸ்பூன் தள்ளாடி வர வேண்டும். ராட்டினமாகச் சுழன்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

கட்டும் முறையில்தான் புதியவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். நல்ல இரையை வாங்கி, தடித்த நரம்பில் பெரிய கொக்கி போட்டு மாட்டினால் அது செத்த தகடு. நரம்பு 4 பவுண்டு தாங்கும் தங்கூசி போதும், அதற்கு மேல் வேண்டாம். ஆறடிக்குள் ஒரு லேசான கழி, 1000 எண் ரீல். மீன் திமிறினால் நரம்பு நழுவிக்கொடுக்கும்படி ரீலின் பிடியைத் தளர்த்தி வைக்க வேண்டும். கையால் இழுத்தால் முனகிக்கொண்டே வர வேண்டும்.

ஜிக்கையும் ஸ்பூனையும் ஒரே மாதிரி கட்டக் கூடாது. ஜிக்கை ஒரு சின்ன வளைய முடிச்சில் விட்டால் தாராளமாக ஆடும். தண்ணீரில் படுத்தவாக்கில் தொங்க வேண்டும், தூக்குப் போட்ட மாதிரி நிற்கக் கூடாது. ஸ்பூனுக்கு, இருப்பதிலேயே சின்ன ஸ்னாப் கொக்கி ஒன்று போதும். ஸ்பின்னர்தான் வம்பு பிடித்தது. அது சுழலச் சுழல நரம்பும் முறுக்கேறி, பத்து வீச்சில் ரீல் முழுக்கச் சிடுக்காகிவிடும். அதனால் ஸ்பின்னருக்கு ஒன்றரை அடி முன்னால் ஒரு சின்ன ஸ்விவல் வைத்துக் கட்ட வேண்டும். அப்போது முறுக்கு பெரும்பாலும் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

முடிச்சுக்கு நரம்பை வளையத்தில் கோத்து, தன் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, நுனியை முதல் கண்ணியிலும் பிறகு பெரிய கண்ணியிலும் விட்டு இழுப்பதே வழக்கம். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த நரம்பு உரசிச் சூடாகி அங்கேயே பலவீனமாகிவிடும். மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லும் கதைகளில் பாதி இந்த எச்சில் தொடாத கதைதான்.

கடைசியாக முள். ஸ்பூனும் ஸ்பின்னரும் கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் மூன்று முள் சேர்ந்த கொத்தோடு வரும். ஸ்பூனில் அதைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுவது இரண்டு நிமிட வேலை. நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கியையும் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடலாம். இதனால் சில மீன் நழுவும், உண்மைதான். ஆனால் மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல், ஒரு திருப்பில் முள்ளைக் கழற்றிவிட முடியும். பிள்ளைகளின் விரலுக்கும் இதுவே நல்லது.

அந்த அப்பா இதையெல்லாம் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. மகளைச் சம்மதிக்க வைக்க இன்னும் ஒரு வாரம். சமையல் மேடை மேல் முள்ளை நசுக்கிக்கொண்டிருந்தபோது அவளே வந்து நின்றாள்.

"இது குத்தாதா?"

"குத்தும்டா. ஆனா மாட்டிக்காது. ஈஸியா வந்துடும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

லாரி வந்து ஏழு நாள் ஆகியிருந்தது. அதனால் இறக்கிவிடும் இடத்துக் கும்பலில் நிற்காமல், கரையோடு நடந்து ஆழமான ஒரு வளைவுக்குப் போனார்கள். மூட்டமான காலை, தங்க நிற ஸ்பூன். 16 வயதுக்குக் கீழ் என்பதால் மகளுக்கு மாநில லைசென்ஸ் தேவையில்லை. அப்பாவுக்கு அதுவும் வேண்டும், பூங்காவின் அன்றைய அனுமதிச் சீட்டும் வேண்டும். ஒருவர் ஒரு நாளில் ஐந்து ட்ரவுட் வரை வைத்துக்கொள்ளலாம்.

மகள் வீசினாள், சத்தமாக எண்ணினாள். ஐந்தில் ஒன்றுமில்லை. எட்டில் ஒரு நிழல் ஸ்பூன் பின்னாலேயே கரைவரை வந்துவிட்டுத் திரும்பியது. மீண்டும் எட்டு, மீண்டும் நிழல். மூன்றாம் தடவை அப்பா காதோரம் சொன்னார்: "நடுவுல ஒரு செகண்ட் நிறுத்துடா." நிறுத்தினாள். ஸ்பூன் சாய்ந்து விழுந்தது. கழி வளைந்தது.

முழங்கால் தண்ணீரில் அப்பா கையை நனைத்துக்கொண்டு மீனின் வயிற்றுக்கடியில் கொடுத்தார். முள் மேலுதட்டின் ஓரத்தில் இருந்தது. குறட்டால் ஒரு திருப்பு, வந்துவிட்டது. மீன் அவர் உள்ளங்கையில் செவுளைத் திறந்து மூடியபடி கொஞ்ச நேரம் நின்றது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வால் ஒரு அடி அடித்ததில் அவள் முகம் முழுக்கத் தண்ணீர்.

அடுத்து வந்த இரண்டைக் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்ததும் அவளேதான். ட்ரவுட்டின் செதில் பொடிசு, சுரண்ட வேண்டியதில்லை. அம்மா மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், எலுமிச்சை தடவித் தோசைக்கல்லில் போட்டபோது, எண்ணெய் சத்தத்துக்கு நடுவே மகள் பாட்டிக்கு வீடியோ காலில் எட்டு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாள்.