சிறையிலிருப்பவன் தமிழன், அவன் முறையீடோ ஆங்கிலம்!

தண்டிக்கப்பெற்றவன் மேன்முறையீடு செய்யச் சட்டம் கேட்பவை இரண்டே: எழுத்தில் அமைந்த முறையீடு; அதனுடன் தீர்ப்பின் படி. வழக்குரைஞர் வழியே செல்வோர்க்கு ‘வக்காலத்து’ என வழங்கும் உரிமைத்தாளும், தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் வேண்டுகையும் சேரும். அமர்வு மன்றத் தீர்ப்பின்மேல் உயர் முறைமன்றம் செல்ல 60 நாள். தூக்குத் தண்டனையாயின் 30 நாளே. நாள் கடப்பின், பொறுத்தருளக் கோரும் தாள் வேறு!

1.7.2024 முதல் நடப்பிலுள்ள சட்டத்தின் பெயர் ‘பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’. (ஆங்கிலப் பதிப்பிலும் இதே பெயர்தான், ஆங்கிலேயனே நாணுவான்!) சிறைத்தண்டனை பெற்றவனுக்குத் தீர்ப்புரைத்தவுடன் கட்டணமின்றிப் படி தரவேண்டும் என்கிறது அதன் 404-ஆம் பிரிவு. அவன் கேட்டால், ‘இயலுமாயின்’ அவன் மொழியில் பெயர்த்தும் தரவேண்டுமாம். சிறைக்குள் இருந்தே சிறை அலுவலர் வழியாக முறையிடவும் 424-ஆம் பிரிவு இடந்தருகின்றது. நல்ல ஏற்பாடுகளே. ஆனால், அவற்றின் பயன் எங்கே அறுந்துபோகின்றது?

ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்யப்பெற்ற திருத்தம், கீழ்மன்றங்களில் சான்றுரையும் தீர்ப்பும் தமிழில் அமைய வழிவகுத்தது. சான்றாளி தமிழில் பேசினான். குற்றஞ்சாட்டப்பெற்றவன் தமிழில் மறுத்தான். வழக்கு உயர் முறைமன்றப் படியேறியதும் அரசியற் சட்டத்தின் 348-ஆம் பிரிவு குறுக்கே நிற்கின்றது. இனி அனைத்தும் ஆங்கிலமே! தன்னை விடுவிக்கக் கோரித் தன் பெயரால் எழுதப்பெற்ற முறையீட்டில் என்ன உள்ளது என்பதே அவனுக்குத் தெரியாது. தான் சொன்ன முதன்மைச் செய்தி அதில் விடுபட்டிருப்பினும் அவன் எங்ஙனம் அறிவான்?

இது மாற்றவொண்ணாத விதியன்று. ஆளுநர், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநில மொழியைப் புகுத்தலாம் என்று அதே பிரிவு கூறுகின்றது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கிலும் இந்தி அவ்வாறுதான் நுழைந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது; 2012-இல் உச்ச முறைமன்ற நடுவர் அனைவரும் கூடி அதனை மறுத்தனர். இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மட்டும் ஏன் அடைபட்டது?

தில்லியைக் குறைகூறுவதோடு நிறுத்திக்கொள்வதும் நேர்மையன்று. முறையீட்டின் தமிழ்ப்படி ஒன்றைச் சிறையாளி கையில் கொடுத்துப் படிக்கச் செய்தபின் அனுப்புவதற்கு எவர் ஒப்புதலும் வேண்டியதில்லை. கட்டணமின்றி வழக்குரைஞரை அமர்த்தித் தரும் சட்ட உதவிக் குழுக்கள் இதனை நாளையே தொடங்கலாம். தமிழ் வழக்குரைஞர்களைத் தடுப்பவர் யார்?