கல்லக்குடியில் ஒரு சுவரையாவது விட்டுவையுங்கள்

சென்ற ஆண்டு படிவம் இரண்டு மாணவர்களைப் பத்துமலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். படியேறி மூச்சு வாங்கிய ஒரு மாணவி குகைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், சுண்ணாம்புக்கல் கடல்ல உண்டானதுன்னு சொன்னீங்களே, ஒரு சிப்பிகூட இல்லையே?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. பத்துமலைக் கல் 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழம் குறைந்த கடலில் படிந்தது. பிறகு, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து மேலெழுந்த பாறைக் குழம்பு அதைச் சூடாக்கிப் பளிங்காக மாற்றிவிட்டது. படிகங்கள் புதிதாக வளர்ந்தபோது சிப்பி, பவளம் ஆகியவற்றின் உருவம் பெரும்பாலும் அழிந்துபோனது. வெந்த கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகாத கல்லைப் பார்க்கத் தமிழ்நாட்டிலுள்ள கல்லக்குடிக்குப் போக வேண்டும்.

கல்லக்குடி என்றதும் உங்கள் தாத்தாவுக்கு 1953-இல் கலைஞர் தண்டவாளத்தில் படுத்த போராட்டம் நினைவுக்கு வரும். டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கேட்டு நடந்தது அது. அந்தப் பெயரைக் கொண்டுவந்த சிமெண்ட் ஆலை 1939-இல் அங்கே அமைந்ததற்குக் காரணமே சுண்ணாம்புக்கல்தான். ஊரின் பெயர் மாறிவிட்டது; புவியியலாளர்கள் மட்டும் அந்தப் பாறையை இன்னும் 'டால்மியாபுரம் படிவம்' என்றுதான் அழைக்கிறார்கள்!

அந்தக் கல் 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பவளத்திட்டு. பவளம் ஒரு சிறு விலங்கு. கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தனக்குச் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது. பழைய கூட்டின் மேல் புதிய கூடு எழும்புகிறது. சுண்ணாம்பு சுரக்கும் சிவப்புப் பாசிகள் இடையில் படர்ந்து, கொத்தனார் பூசும் கலவைபோல் எல்லாவற்றையும் ஒட்டவைக்கின்றன. கல்லக்குடிக் கல்லில் பவளத்தையும் பாசியையும் சேர்த்தே பார்க்கலாம். இத்தகைய திட்டு வளர வெதுவெதுப்பான, ஆழமற்ற, வெளிச்சம் புகும் நீர் தேவை. ஆக, இன்று நெல் விளையும் திருச்சி மாவட்டத்தில் அன்று அப்படியொரு கடல் இருந்திருக்கிறது. திட்டுக்கு மேலே களிமண் படிவு வருகிறது. கடல் ஆழமாகி, வெளிச்சம் எட்டாமல் பவளம் மடிந்த கதை அது.

அந்தக் கதையைத்தான் அங்கே வெடிவைத்து உடைத்துச் சூளையில் போடுகிறோம். சிமெண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறேன். குவாரி தோண்டியதால்தான் அந்தத் திட்டு இவ்வளவு தெளிவாக வெளியே தெரிந்தது என்பதும் உண்மை. ஆனால், காட்டிக்கொடுத்த வெடியே அதைத் தின்றும்விடுகிறது.

நல்ல துண்டுகளை எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பவளம், தான் பவளம் என்பதை மட்டும்தான் சொல்லும். எதன் மேல் வளர்ந்தது, எது வந்து மூடியது என்பதைச் சுவர்தான் சொல்லும். புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு கதை புரிய வேண்டும் என்றால் எப்படி?

பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில், சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் மரத்துக்கு வேலி போட்டுத் தேசியப் புவியியல் சின்னமாகக் காக்கிறார்கள். மரத்துக்குக் கிடைத்த மதிப்பு பவளத்துக்கு ஏன் இல்லை? மரம் முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிறது, பவளத்திட்டைப் பார்க்கக் கொஞ்சம் பாடம் படித்திருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

பத்துமலையிலும் ஒரு காலத்தில் கல் உடைத்தார்கள். 1980-களில் அது நின்றது. அங்கே கோயில் இருந்தது, குகை இருந்தது, ஆண்டுதோறும் மலையேறும் லட்சக்கணக்கான மக்கள் இருந்தார்கள். குவாரிக் குழிக்கு அப்படி யார் வருவார்கள்?

நான் கேட்பது ஐம்பது மீட்டர் சுவர், பத்திரமாக இறங்கிப் பார்க்க ஒரு படிக்கட்டு, தமிழில் ஒரு பலகை. பள்ளி விடுமுறைக்குத் திருச்சிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் நம் பிள்ளைகளும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். இப்போதைக்கு அந்த மாணவிக்கு என் கைப்பேசியில் ஒரு படத்தைத்தான் காட்ட முடிந்தது.